கதவுக்குள் ஒரு மோட்டார்: எல்லை மலைகளில் கார் கண்ணாடி ஏறி இறங்கிய கதை

கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே எல்லை தாண்டுகிற காரில் முதலில் அசைவது ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடிதான். காக்கிச் சட்டை கை காட்டும், கண்ணாடி இறங்கும், எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், டிக்கியில் என்ன என்று மூன்று கேள்வி, கண்ணாடி ஏறும். பாலக்காட்டுப் பக்கம் வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். இடுக்கிப் பக்கம் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, சின்னார். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்தை விட்டுக் கேரளத்தில் சேர்ந்தது. அதோடு வாளையாரில் புதிதாக ஒரு மாநில எல்லை பிறந்தது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டுக்கு வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறவில்லை. அதனால் குமுளியிலும் போடிமெட்டிலும் பழைய திருவிதாங்கூர் எல்லையே நீடித்தது.

ஆண்டுக்கணக்கில் இப்படி இறங்கி ஏறிய கண்ணாடி ஒருநாள் பாதியில் நின்றுவிடும். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அது எப்போது நிற்கும் என்றும் தெரியும்: இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய முதல் வாரம். மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டி, புது மோட்டாருக்குக் கோயம்புத்தூரில் விலை விசாரிக்கத் தொடங்குவார்கள். பெரும்பாலும் மோட்டார் போயிருக்காது. எது போயிருக்கும் என்பதை அறிய, இந்த மலைகளில் கார் கண்ணாடி எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

கண்ணாடியே இல்லாத வண்டிகள்

மூணாறு தேயிலை தொடக்கத்தில் கார் சாலையை நம்பி வளரவில்லை. 1902-ல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கிய குண்டளை பள்ளத்தாக்கு ரயில், 1908-ல் இரண்டடி அகலப் பாதையாக மாறியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவட ரோப்வே, பிறகு போடிநாயக்கனூருக்கு மாட்டுவண்டி. தேயிலைப் பெட்டி தமிழ்ச் சமவெளிக்கு இறங்கிய வழி இதுதான். 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயிலைத் துடைத்துக்கொண்டு போனது. ஆலுவாவிலிருந்து மேலேறிய பழைய சாலையும் சிதைந்தது. மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு 1099-ல் அந்த வெள்ளம் வந்ததால் மலையாளிகள் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்றே சொல்கிறார்கள். ரயில் திரும்ப வரவில்லை. நேரியமங்கலம் வழியாகப் புதுச் சாலை வந்தது. பெரியாற்றின் குறுக்கே நேரியமங்கலம் வளைவுப் பாலம் 1935-ல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பான் படை வந்தால் தப்பிச் செல்ல, கொடைக்கானலையும் மூணாறையும் இணைத்து மலைமுகட்டிலேயே ஒரு சாலை போட்டார்கள். அந்த எஸ்கேப் ரோடு 1990-ல் மூடப்பட்டது.

இந்தச் சாலைகளுக்கு ஏற்ற வண்டி ஜீப். மஹிந்திரா நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் கோத்து விற்கத் தொடங்கியது. பின்னர் அதுவே தயாரித்த ஜீப்புகள் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குள் நுழைந்தன. கம்பம், உத்தமபாளையம், போடி பகுதிகளிலிருந்து விடியற்காலையில் தோட்ட வேலைக்கு மலையேறும் பெண்களை இன்றும் சுமப்பது ஜீப்புதான். கொழுக்குமலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. வண்டி போகிற வழியோ கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து மேலேறுகிறது. அந்தக் கல்லுப்பாதையில் ஜீப்பைத் தவிர வேறெதுவும் ஏறாது.

பழைய ஜீப்பில் கண்ணாடி என்று இருந்தது முன்பக்கம் மட்டும்தான். பக்கவாட்டில் தார்ப்பாய், வெளியே பார்க்க அதில் தைத்த பிளாஸ்டிக் சதுரம், கட்ட வார். மழை வந்தால் அவிழ்த்துவிடுவது, வெயில் வந்தால் சுருட்டிக் கட்டுவது. பழுது என்றால் கிழிசல். அதைச் சரிசெய்பவர் தையற்காரர். மெக்கானிக்குக்கு அங்கே வேலையே இல்லை.

கைப்பிடிக் காலம்

தோட்ட மேலாளர், ஏலக்காய் வியாபாரி, டாக்டர், வாடகை டாக்சிக்காரர் ஆகியோர் கையில் இருந்தது அம்பாசிடரும் ஃபியட்டும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை ஒட்டி 1957-ல் வந்த அம்பாசிடர் 2014 மே மாதம் வரை உத்தர்பாராவில் தயாரானது. ஃபியட் 1100, எழுபதுகளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. இரண்டிலும் முன்கதவில் தனியாகத் திறக்கும் ஒரு முக்கோணக் கண்ணாடி, அதன் பின்னால் கைப்பிடி சுற்றி ஏற்றி இறக்கும் பெரிய கண்ணாடி.

மலையில் இந்த முக்கோணக் கண்ணாடிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. ஏசி இல்லாத காரில் நாலு பேர் உட்கார்ந்து போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறினால், உள்ளே மூச்சுக்காற்று பட்டுக் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்துவிடும். பெரிய கண்ணாடியை இறக்கினால் சாரல் மடியில் விழும். முக்கோணத்தை விரல் அகலம் திறந்துவைத்தால் காற்று மட்டும் வரும், முன்கண்ணாடி தெளியும். பின்னால் வந்த கார்களில் அந்த முக்கோணம் இல்லை. மாருதி 800 வந்தபோது முன்கதவில் ஒரே கண்ணாடிதான். அதனால் மலையில் ஓட்டுபவர்கள் பெரிய கண்ணாடியையே அடிக்கடி கொஞ்சம் இறக்கி, கொஞ்சம் ஏற்ற வேண்டியதாயிற்று.

கைப்பிடிக் கண்ணாடியின் பழுது கண்ணுக்கும் கைக்கும் தெரிகிற பழுது. சுற்றினால் கை வலிக்கிறதா? கண்ணாடி ஓடும் சேனலில் உள்ள கம்பளித் துணி காய்ந்து இறுகியிருக்கிறது. கைப்பிடி சும்மா சுழல்கிறதா? உள்ளே இருக்கும் மெஷினின் பல் தேய்ந்திருக்கிறது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரைத்தான் பட்டறையில் விண்டோ மெஷின் என்பார்கள். அம்பாசிடரில் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள வட்டத் தகட்டை அழுத்திப் பிடித்து, நடுவே தெரியும் ஊசியைத் தட்டினால் கைப்பிடி கழன்றுவரும். மாருதியில் குதிரைலாட வடிவக் கிளிப். கைப்பிடிக்குப் பின்னால் ஒரு துணியை நுழைத்து இருபக்கமும் இழுத்தால் அது தெறித்து விழும். கதவின் உள்பலகையான டோர் பேடைக் கழற்றிவிட்டால் எல்லாம் கண்முன்னே.

கதவு பழுதுக்கு இங்கே இரண்டு காரணம், இரண்டும் வானிலை. மூணாறில் ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டரை ஒட்டி மழை. அறுபது கிலோமீட்டருக்குள் மறையூர் தாண்டிச் சின்னார் வந்தால் மழைமறைவுப் பிரதேசம். அங்கே ஐந்நூறு மில்லிமீட்டர் கிடைத்தாலே பெரிது. பாலக்காட்டுக் கணவாய் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடரைப் பிளந்து நிற்கிறது. அதன் வழியே புழுதியோடு காற்று வீசும், கோடையில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தொடும். ஒரே கார் திங்கட்கிழமை மூணாற்றில் நனைந்து, புதன்கிழமை கொழிஞ்சாம்பாறையில் காய்கிறது. வெயிலில் காய்ந்து, கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங் வெடிக்கும். வெடிப்பு வழியே மழைநீர் கதவுக்குள் இறங்கும். கதவின் அடியில் நீர் வடிய விடப்பட்ட துளைகளைச் சருகும் மண்ணும் அடைத்துக்கொள்ளும். உள்ளே தேங்கும் நீர் முதலில் தகட்டைத் தின்னும். கதவு தகடு தட்டும் டிங்கர் வேலைக்கு வரும். கைப்பிடிக் காலத்தில் கதை அத்தோடு முடிந்தது.

சுவிட்ச் வந்த வழி

கண்ணாடியை விசையால் ஏற்றி இறக்கும் ஏற்பாடு 1940-ல் அமெரிக்காவின் பேக்கர்டு கார்களில் வந்தது. அடுத்த ஆண்டே ஃபோர்டு நிறுவனம் லிங்கன் கார்களில் அதைக் கொடுத்தது. தொடக்ககால முறை திரவ அழுத்தத்தில் இயங்கியது. குழாய் கசிந்தால் கண்ணாடி இறங்கியது மட்டுமல்ல, கசிந்த திரவம் பெயின்டையும் உரித்தது. ஒவ்வொரு கதவுக்குள்ளும் தனி மின்மோட்டார் என்ற முறை 1951-ல் கிரைஸ்லர் இம்பீரியலோடு வந்தது. இன்றுவரை நடப்பது அதன் வழிதான்.

இந்தியாவில் அதை அப்போது பார்த்தவர்கள் மிகச் சிலர். உள்நாட்டில் தயாரிக்காமல் வெறுமனே கோத்து விற்ற நிறுவனங்களுக்கு ஐம்பதுகளில் அரசு கதவை அடைத்தது. பம்பாயில் 1928-லிருந்து கார் கோத்து வந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் கடையைக் கட்டியது. அதன்பின் பெரிய அமெரிக்கக் கார் வேண்டுமென்றால், தூதரகங்கள் பயன்படுத்தி விட்டவற்றை அரசு வர்த்தகக் கழகமான எஸ்டிசி விற்கும்போது வாங்க வேண்டும். சுவிட்ச் கண்ணாடியோடு அப்படி வந்த காருக்கு உதிரிபாகம் கிடையாது. பழுதானால் பட்டறைக்காரரின் கைவேலைதான் கதி.

பொதுமக்கள் கைக்கு சுவிட்ச் வந்தது தாராளமயத்துக்குப் பிறகு. 1995-ல் டேவூ சியலோவும், அதை ஒட்டி மாருதி எஸ்டீமின் உயர் வகையும் சுவிட்ச் கண்ணாடியோடு வந்தன. கைப்பிடிக் கார் வைத்திருந்தவர்களுக்கும் ஆசை விடவில்லை. மாருதி 800-க்கும் அம்பாசிடருக்கும் பொருந்தும் பவர் விண்டோ கிட்டுகளை ஆக்சசரி கடைக்காரர்கள் ஒரே நாளில் மாட்டிக் கொடுத்தார்கள். கதவில் துளை போட்டு, கூடுதல் ஒயர் இழுத்து, பியூஸ் பெட்டியில் கிடைத்த இடத்தில் சொருகிய அந்த இணைப்புகள் பின்னாளில் பலருக்குத் தலைவலி ஆயின.

டேவூ இந்தியாவில் நிலைக்கவில்லை. இரண்டாயிரத்தின் தொடக்கத்திலேயே தள்ளாடி மூடியது. ஓப்பல் கார்களும் பிறகு இந்தியச் சந்தையை விட்டு விலகின. சியலோ வைத்திருந்தவருக்கு விண்டோ மெஷின் வேண்டுமென்றால் சென்னைப் புதுப்பேட்டையில் பிரித்துப் போட்ட கார்களுக்கு நடுவே தேட வேண்டும். பாலக்காட்டுக்காரர் அதற்கு முன்பு கோயம்புத்தூர் உக்கடத்தில் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். எல்லைக்கு இந்தப் பக்கம் பாகம், அந்தப் பக்கம் கார் என்று ஒரு போக்குவரத்தே உண்டாயிற்று.

பட்டறையிலும் ஒரு மாற்றம். அதுவரை கதவு டிங்கர் அல்லது மெக்கானிக் கையில் இருந்தது; இப்போது ஆட்டோ எலக்ட்ரீஷியன் உள்ளே வந்தார். டைனமோ, ஸ்டார்ட்டர், வைப்பர் என்று வேலைபார்த்துப் பழகியவர் அவர். சென்னைப் பாடியில் அறுபதுகளில் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் போன்ற நிறுவனங்களின் வைப்பர் மோட்டாரைப் பிரித்துக் கார்பன் பிரஷ் மாற்றத் தெரிந்தவருக்குக் கண்ணாடி மோட்டார் அந்நியமல்ல. இரண்டும் ஒரே குடும்பம்: சின்ன டிசி மோட்டார், அதன் அச்சில் திருகுப்பல், அது சுழற்றும் ஒரு பல்சக்கரம். கரண்டைத் திருப்பிக் கொடுத்தால் சுழற்சியும் திரும்பும், ஏறுவது இறங்குவதாகும். மோட்டார் இழுப்பது கத்தரிபோல் மடங்கும் இரும்புக் கைகளையோ, கிணற்று ராட்டினம் போல ஒரு உருளையில் சுற்றி ஓடும் கம்பிவடத்தையோ.

எங்கே நின்றது?

நல்ல எலக்ட்ரீஷியன் டோர் பேடைத் தொடுவதற்கு முன்பே பாதி விடையைக் கண்டுபிடித்துவிடுவார். சாவியைத் திருப்பி, காரின் உள்விளக்கை எரியவிட்டு, சுவிட்சை அழுத்தச் சொல்வார். விளக்கு சற்றே மங்கினால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது. மோட்டாரோ, மெஷினோ, கண்ணாடியோ எங்கேயோ சிக்கியிருக்கிறது. விளக்கு அசையாமல் அப்படியே எரிந்தால் கரண்டே போகவில்லை. தேட வேண்டியது பியூஸ், ரிலே, சுவிட்ச், ஒயர், கடைசியில் மோட்டாரின் கார்பன்.

எந்தக் கதவும் வேலை செய்யவில்லை என்றால் பொதுவான இடத்தில் கோளாறு: பியூஸ், ரிலே, அல்லது ஓட்டுநர் கதவில் இருக்கும் மாஸ்டர் சுவிட்ச். பல கார்களில் மற்றக் கதவுகளின் எர்த் இந்த மாஸ்டர் சுவிட்ச் வழியாகத்தான் ஓடுகிறது. மாஸ்டரில் பித்தளைத் தகடு பச்சை பூத்தால் நாலு கண்ணாடியும் நிற்கும். எல்லைப் பகுதியில் அதிகம் கெடுவதும் இதுதான். சோதனைச் சாவடி, காட்டிலாகா கேட், டோல் என்று ஒவ்வொரு இடத்திலும் மழையில் இறங்குவது ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி. சாரல் நேராக விழுவது அந்தச் சுவிட்சின் தலையில். அதைக் கழற்றிப் பிரித்து, தகடுகளை நைஸ் எமரித் தாளால் தேய்த்து மாட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

ஒரு கதவு மட்டும் நின்றால், அதை மாஸ்டரிலிருந்து இயக்கிப் பார்ப்பார்கள். அங்கிருந்து ஏறி இறங்கினால் அந்தக் கதவின் சொந்தச் சுவிட்ச் பழுது. இரண்டிலும் ஓடவில்லை என்றால் கதவைத் திறந்து மூடியபடியே சுவிட்சை அழுத்துவார்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் உயிர் வந்தால், கீல் அருகே ரப்பர் குழாய்க்குள் ஓடும் ஒயர் உள்ளுக்குள்ளே அறுந்திருக்கிறது. இருபது ஆண்டு கதவைத் திறந்து மூடிய மடிப்பில் செம்பு இழை ஒவ்வொன்றாக முறிந்திருக்கும். வெளி உறை முழுசாகவே இருக்கும். இதை அறியாமல் மோட்டார் மாற்றியவர்கள் பலர்.

சுவிட்சும் ஒயரும் சரி, கண்ணாடி மட்டும் அசையவில்லை. இப்போதுதான் கதவுக்கு ஒரு குத்து. சுவிட்சை அழுத்தியபடியே மோட்டார் இருக்கும் இடத்தில் கைமுஷ்டியால் தட்டினால், சிக்கியிருந்த கார்பன் விடுபட்டு மோட்டார் ஓடும். அது தீர்வல்ல, கார்பன் தேய்ந்திருக்கிறது என்ற செய்தி. மோட்டார் உறுமுகிறது, கண்ணாடி நகரவில்லை என்றால் பல்சக்கரம் வழுக்குகிறது அல்லது வடம் அறுந்துவிட்டது. கண்ணாடி மெல்ல ஏறி முக்கால் தூரத்தில் நிற்கிறது, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஏறுகிறது என்றால், மோட்டாரில் உள்ள வெப்பக் காப்பு தானாக அணைந்து, ஆறியதும் மீள்கிறது. மோட்டார் நல்லது, சேனல்தான் இறுகியிருக்கிறது. இதைத் தன்னால் சரியான பழுது என்று நினைத்து விட்டுவிடுபவர்கள், இரண்டே மழைக்காலத்தில் மோட்டாரை எரித்துவிடுவார்கள்.

கடைசிச் சோதனை மோட்டாரின் இரண்டு ஒயரையும் பிடுங்கி நேரே பேட்டரியில் தொடுவது. ஒருமுறை ஏறும், ஒயரை மாற்றித் தொட்டால் இறங்கும். இதிலும் அசையாத மோட்டாரைத்தான் மாற்ற வேண்டும். வரிசை தவறாமல் வருபவருக்கு இந்த இடம் வரை வரவேண்டிய தேவை அரிது.

வெள்ளமும் ஃபாஸ்டேகும்

2018 ஆகஸ்டில் இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கியின் செறுதோணி அணை மதகுகள் திறந்தன. மண்சரிவில் மூணாறு பல நாள் துண்டித்துக் கிடந்தது. சமவெளியில் பல்லாயிரம் வீடுகளோடு கார்களும் நீரில் மூழ்கின. மூழ்கி எழுந்த கார்களில் என்ஜினைக் காப்பாற்றியவர்களும், கதவுக்குள் வண்டல் புகுந்த சுவிட்சையும் மோட்டாரையும் காப்பாற்றத் தவறினார்கள். நீரில் சிக்கும் காரில் சுவிட்ச் கண்ணாடி எப்போது வேண்டுமானாலும் உயிரிழக்கலாம். பக்கக் கண்ணாடி கெட்டிப்படுத்திய கண்ணாடி. நடுவில் அடித்தால் தாங்கும், ஓரத்தில் கூர்முனையால் அடித்தால் பொடியாகும். தண்ணீர் ஏறும்போது முதல் விநாடியிலேயே கண்ணாடியை இறக்கிவிட வேண்டும் என்று மீட்புப் படையினர் சொல்வது இதனால்தான்.

எல்லையின் பழக்கமும் மாறிவருகிறது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் வாளையாரிலும் மற்ற வழிகளிலும் வணிகவரிச் சாவடிகள் மூடின. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானபின் டோலில் கண்ணாடி இறக்கும் வேலையும் குறைந்தது. 2020-ன் பெருந்தொற்றுக் காலத்தில் மட்டும் இ-பாஸ் காட்டுவதற்காக அந்தக் கண்ணாடிகள் முன்னெப்போதையும்விட அதிகமாக இறங்கின. இறங்காத கண்ணாடி நல்ல கண்ணாடி அல்ல. மாதக்கணக்கில் மூடியே கிடக்கும் பின்பக்கக் கண்ணாடியில் ரப்பர் ஒட்டிக்கொள்கிறது. ஒருநாள் திடீரென்று இயக்கும்போது வடம் அறுகிறது.

மத்திய அரசு 2021-ல் வகுத்த விதிப்படி ஐம்பது வயது கடந்த வண்டிதான் விண்டேஜ். சியலோவும் முதல் எஸ்டீம்களும் அந்த வயதை எட்ட இன்னும் ஏறத்தாழ இருபது ஆண்டு இருக்கிறது. அதுவரை அவற்றை ஓடவைக்க விரும்புபவர்கள், பழுது வந்ததும் கைப்பிடிக்கு மாற்றிவிடலாம் என்ற யோசனையைத் தள்ளிவைக்கலாம். சித்திரையிலேயே ஒரு காலை வேளையை ஒதுக்குங்கள். கதவின் அடித் துளைகளைக் கம்பியால் குத்தி விடுங்கள். வெடித்த பீடிங்கை மாற்றுங்கள். சேனலுக்கு என்ஜின் ஆயில் போடாதீர்கள், அது ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும்; சிலிகான் ஸ்ப்ரே போதும். மாஸ்டர் சுவிட்சைக் கழற்றி ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். நாலு கண்ணாடியையும் வாரம் ஒருமுறை முழுதாக இறக்கி ஏற்றுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் நின்றால் மட்டும் மோட்டாருக்கு விலை கேளுங்கள்.